கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு மின்மருந்துச் சீட்டு: அமெரிக்கச் சட்டம் மருத்துவரிடம் எதிர்பார்ப்பது என்ன?

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து, அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ரெசிடென்சி பயிற்சியை முடித்து, அடுத்த மாதம் ஒரு சிறிய கிளினிக்கில் சேரவிருக்கும் மருத்துவர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். கிளினிக்கில் சான்று பெற்ற மென்பொருள் ஏற்கெனவே இருப்பதால், வலி மருந்து, தூக்க மருந்து போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை முதல் நாளிலிருந்தே அதில் எழுதலாமா என்பது முதல் கேள்வி. கூட்டம் அதிகமான நேரத்தில் அவர் சார்பில் நர்ஸ் சீட்டை அனுப்பலாமா என்பது இரண்டாவது. இணையம் துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது.

சுருக்கமான பதில்: மென்பொருளுக்குச் சான்று இருப்பது மட்டும் போதாது, சீட்டைத் தயார் செய்வதை நர்ஸிடம் விடலாம், கையெழுத்தை விட முடியாது, இணையம் போனால் மாற்று வழி உண்டு, அதற்கென்று எழுதப்பட்ட விதிகளும் உண்டு. இந்தச் சீட்டுகள் வந்து சேரும் மருந்தகத்தில் மருந்தாளுநராகப் பணிபுரிபவள் என்ற முறையில், ஒவ்வொன்றையும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்தச் சட்டத்தின் கடமைகளில் பெரும்பகுதி மென்பொருள் நிறுவனத்தையோ கிளினிக் நிர்வாகத்தையோ சேர்ந்ததல்ல; சீட்டில் எந்த மருத்துவரின் பெயர் இருக்கிறதோ அவரையே சேர்ந்தது. பலர் இதைச் சிக்கல் வந்த பிறகே அறிகிறார்கள்.

அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம், பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மையையும் மருத்துவப் பயனையும் கருத்தில் கொண்டு மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. முதல் அட்டவணையில் இருப்பவற்றுக்கு மருந்துச் சீட்டே எழுத முடியாது. மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில், மீத்தைல்ஃபெனிடேட் ஆகியவை இரண்டாம் அட்டவணை. புப்ரெனார்ஃபின், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை மூன்றாம் அட்டவணை. அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் ஆகியவை நான்காம் அட்டவணை. பிரிகாபலின் ஐந்தாம் அட்டவணை. நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் டிரமடாலும் பிரிகாபலினும் இந்தப் பட்டியலில் இருப்பது இந்தியாவில் படித்து வந்தவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். டிரமடால் 2014 ஆகஸ்டில்தான் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகள் மூன்றாம் அட்டவணையிலிருந்து இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன.

நெடுங்காலம் இந்த மருந்துகளுக்கு மின்வழிச் சீட்டு அனுமதிக்கப்படவில்லை. இரண்டாம் அட்டவணை மருந்துக்கு மருத்துவர் பேனாவால் கையெழுத்திட்ட தாள் வேண்டியிருந்தது. டி.இ.ஏ. என்று அழைக்கப்படும் போதைமருந்து அமலாக்க நிர்வாகம் 2010 மார்ச் 31 அன்று ஓர் இடைக்கால இறுதி விதியை வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூன் 1 முதல் மின்மருந்துச் சீட்டை அனுமதித்தது. கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பில் 21-ஆம் தலைப்பின் 1311-ஆம் பகுதியில் அந்த விதிகள் இருக்கின்றன. நீளமானவைதான், ஆயினும் மருத்துவருக்குரிய 1311.102 என்ற ஒரு பிரிவையாவது வேலையில் சேருமுன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த விதி அனுமதி மட்டுமே தருகிறது. மின்வழியில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் மாநிலச் சட்டங்களிலிருந்தும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தொடர்பான சட்டத்திலிருந்தும் பிற்பாடு வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரெசிடென்சி முடித்தவர் முதலில் கவனிக்க வேண்டியது டி.இ.ஏ. எண், அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத அந்த நிர்வாகத்திடம் பதிவு செய்து பெறும் எண். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலோர் மருத்துவமனையின் டி.இ.ஏ. எண்ணையே, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட உள் குறியீட்டை அதன் பின்னால் சேர்த்துப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த உரிமை அந்த மருத்துவமனையின் பணியோடு கட்டுண்டது. வெளியேறிய நாளோடு முடிந்துவிடுகிறது. கிளினிக்கில் எழுதுவதற்கு உங்கள் சொந்தப் பெயரில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு மாநில மருத்துவ உரிமத்தைச் சார்ந்தது என்பதால், இரண்டு மாநிலங்களில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுபவர் இரண்டிலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியானால் மென்பொருளில் கையெழுத்திடும் அனுமதியையும் அன்றே நீக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு உடனே கொடுப்பதற்காக ரெசிடென்ட் கணினியில் பதியும் மார்ஃபின் ஆர்டர், சட்டத்தின் பார்வையில் மருந்துச் சீட்டே ஆகாது. நான் இங்கே விவரிக்கும் கையெழுத்து விதிகள் அதற்குப் பொருந்தா. மூன்றாண்டுகள் வார்டு ஆர்டர்களையே அதிகம் எழுதிப் பழகியவர்கள் வெளிநோயாளிச் சீட்டுக்கு வரும்போது, நேற்றுவரை ஒரு சொடுக்கில் முடிந்த வேலைக்கு இன்று ஏன் இத்தனை தடைகள் என்று சலித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பயன்படும் எந்த மென்பொருளும், வெளித் தணிக்கையாளர் ஒருவராலோ டி.இ.ஏ. ஏற்றுக்கொண்ட சான்றளிப்பு அமைப்பு ஒன்றாலோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சோதனை, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் தொடர்பான செயற்பாடு மாற்றப்படும்போதும், மாற்றம் இல்லாவிட்டாலும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும் திரும்ப நடக்க வேண்டும். அதன் அறிக்கையை நிறுவனம் மருத்துவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். முதன்முறை பயன்படுத்துமுன், சீட்டின் விவரங்களை மென்பொருள் சரியாகப் பதிந்து, சேமித்து, அனுப்புகிறது என்று அந்த அறிக்கை கூறுகிறதா என உறுதிசெய்துகொள்ளும் கடமை மருத்துவருக்கு உரியது. 'சான்று இருக்கிறது' என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதன் தேதியைப் பாருங்கள். மென்பொருள் இனி விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை என்று நிறுவனம் தெரிவித்தால், அந்த நொடியிலிருந்து அதில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதக் கூடாது.

அடுத்தது, நீங்கள் நீங்கள்தான் என்று நிறுவுவது. சிறிய கிளினிக்கில் பணிபுரிபவர், கூட்டாட்சி அரசின் ஒப்புதல் பெற்ற அடையாளச் சான்று வழங்கும் நிறுவனம் ஒன்றின் மூலம் இதைச் செய்ய வேண்டும். அந்த நிறுவனம் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு, கையெழுத்திடும் சான்றை இரண்டு தனித்தனி வழிகளில் அனுப்பும். எடுத்துக்காட்டாக, ஒரு பகுதி மின்னஞ்சலிலும் மறு பகுதி தபாலிலோ தொலைபேசியிலோ வரலாம். ஒரு வழியை யாரேனும் இடைமறித்தாலும் முழுச் சான்றும் அவர் கைக்குப் போகாது என்பதே இதன் நோக்கம். பெரிய மருத்துவமனைகளுக்குச் சலுகை உண்டு: அவற்றின் நியமனச் சரிபார்ப்புப் பிரிவே மருத்துவரை நேரில் வரவழைத்து, அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை, மாநில உரிமம், டி.இ.ஏ. பதிவு ஆகியவற்றைப் பார்த்து இதை முடித்துவிடலாம். ரெசிடென்சியில் உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கும். கிளினிக்கில் அந்த வசதி இருக்காது. அதனால் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள்.

சான்று கைக்கு வந்தாலும் அனுமதி தானாகத் திறந்துவிடாது. மென்பொருளில் 'இந்த மருத்துவர் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துச் சீட்டில் கையெழுத்திடலாம்' என்ற உரிமையை இருவர் சேர்ந்துதான் வழங்க முடியும். ஒருவர் உங்கள் உரிமமும் டி.இ.ஏ. பதிவும் நடப்பில் இருப்பதைச் சரிபார்த்து விவரங்களை உள்ளிட வேண்டும். மற்றவர், தானே டி.இ.ஏ. பதிவு பெற்ற ஒரு மருத்துவர், தன் இரட்டைச் சரிபார்ப்பைப் பயன்படுத்தி (அது என்ன என்பதை அடுத்துச் சொல்கிறேன்) அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனியொருவராகக் கிளினிக் நடத்தும் மருத்துவருக்கும் இதில் விலக்கு இல்லை. அவருக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும், அவர் அலுவலக மேலாளராகக்கூட இருக்கலாம். ஒரே ஆள் தன் விருப்பப்படி யாரையும் கையெழுத்திடுபவராக மாற்றிவிடக் கூடாது என்று விதி கருதுகிறது. ஊழியர் ஒருவர் போலி மருத்துவர் கணக்கை உருவாக்கும் வாய்ப்பை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

கையெழுத்து என்பது எது? தாளில் பேனாவால் எழுதுவதற்கு ஈடாகச் சட்டம் ஏற்பது, மூன்று வகைச் சான்றுகளில் ஏதேனும் இரண்டை ஒருசேரப் பயன்படுத்தும் இரட்டைச் சரிபார்ப்பை மட்டுமே. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, அதாவது கடவுச்சொல் அல்லது பின் எண். உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்று, அதாவது டோக்கன். உங்கள் உடலைச் சேர்ந்த ஒன்று, அதாவது கைரேகை போன்ற பயோமெட்ரிக். பெரும்பாலோர் கடவுச்சொல்லையும், நொடிக்கு நொடி மாறும் எண்ணைக் காட்டும் டோக்கனையும் பயன்படுத்துகிறார்கள். டோக்கன் எந்தக் கணினியில் சீட்டு எழுதப்படுகிறதோ அதிலிருந்து தனியான பொருளாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மேசைக் கணினியில் எழுதிவிட்டு, கைபேசியில் இருக்கும் டோக்கன் செயலியால் ஒப்புதல் தருவது சரி. கைபேசியிலேயே சீட்டை எழுதிவிட்டு, அதே கைபேசியில் வரும் எண்ணால் ஒப்புதல் தருவது ஏற்கப்படாது. கைபேசி திருடு போனால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும் அல்லவா? வீட்டிலிருந்து கைபேசியில் எழுத விரும்புபவர்கள் தனி டோக்கன் ஒன்றை வைத்திருப்பதே வழி.

நர்ஸ் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். மருத்துவரின் சார்பில் செயல்படும் ஊழியர், நோயாளியின் பெயர், மருந்து, வீரியம், அளவு, உட்கொள்ளும் முறை ஆகியவற்றை உள்ளிட்டுச் சீட்டைத் தயாராக வைக்கலாம் என்று விதி வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அதன் பிறகு மருத்துவரின் திரையில் சீட்டு வந்து நிற்கும். அந்தத் திரையில் எவையெல்லாம் தெரிய வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது: எழுதிய தேதி, நோயாளியின் முழுப்பெயர், மருந்தின் பெயர், வீரியமும் வடிவமும், எத்தனை, எப்படி உட்கொள்வது, மறுநிரப்பல் (அதே சீட்டில் திரும்பவும் மருந்து பெறுவது) உண்டென்றால் எத்தனை முறை, மருத்துவரின் பெயர், முகவரி, டி.இ.ஏ. எண். இவற்றைப் பார்த்து, 'கையெழுத்துக்குத் தயார்' என்று ஒவ்வொரு சீட்டையும் மருத்துவர் குறிக்க வேண்டும். அதே திரையில், இப்போது இரட்டைச் சரிபார்ப்பை முடிப்பதன் மூலம் இந்தச் சீட்டில் சட்டப்படி கையெழுத்திடுகிறீர்கள், மேலே பெயரும் எண்ணும் காணப்படும் மருத்துவர் மட்டுமே இதைச் செய்யலாம் என்னும் பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அந்த வாசகத்தின் சொற்களைக்கூட மென்பொருள் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடாமல் டி.இ.ஏ.வே வகுத்திருக்கிறது.

தினமும் பலமுறை பார்ப்பதால் அந்த வாசகம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆனால் ஆக்சிகோடோன் 5 மில்லிகிராமுக்குப் பதில் 15 மில்லிகிராம் என்று ஊழியர் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், அதைத் தடுக்கும் கடைசி வாய்ப்பு மருத்துவரின் பக்கத்தில் அந்தத் திரைதான். குறித்த பிறகு மேலே சொன்ன விவரங்களில் ஒன்றை மாற்றினால், மருத்துவர் திரும்பவும் பார்த்துக் குறிக்க வேண்டும். கையெழுத்தான பிறகு மாற்றவே முடியாது. ஒரே நோயாளிக்கு மூன்று மருந்துகள் எழுதினால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே முறை இரட்டைச் சரிபார்ப்பு செய்யலாம். காலை முழுவதும் வந்த பத்து நோயாளிகளின் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, மதியம் ஒரே முறையில் கையெழுத்திடுவதற்கு அனுமதி இல்லை.

டோக்கனைக் கடன் கொடுப்பதைப் பற்றி எனக்கு மிகக் கடுமையான கருத்து உண்டு. அதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில், மருத்துவரின் டோக்கன் முன்மேசையின் இழுப்பறையில் கிடந்தது. அவர் மதிய உணவுக்குப் போகும்போது ஊழியர்களே சீட்டுகளை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தீய எண்ணம் இல்லை. நோயாளிகள் காத்திருக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் இது வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். டோக்கனைத் தன்னிடம் மட்டுமே வைத்திருக்க வேண்டும், கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக் கூடாது, பயோமெட்ரிக் தகவலையும் பகிரக் கூடாது என்று 1311.102 நேரடியாகச் சொல்கிறது. மீறினால் பதிவை நிறுத்தவோ ரத்து செய்யவோ அதுவே போதுமான காரணம். தன் பெயரில் யார் அனுப்பினாலும் அந்தச் சீட்டு மருத்துவரின் சீட்டாகவே தணிக்கைப் பதிவில் நிற்கும். நாற்பது மாத்திரைகள் நூற்று இருபதாக மாறி ஒருவருடைய உயிருக்கு ஆபத்து வரும்போது, 'நான் அப்போது அறையில் இல்லை' என்ற பதிலை நோயாளியின் குடும்பமும் ஏற்காது, புலனாய்வாளரும் ஏற்கமாட்டார்.

டோக்கன் தொலைந்தாலோ, திருடு போனாலோ, வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம் என்று தெரிந்தாலோ, தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் கிளினிக்கில் அனுமதிகளை நிர்வகிக்கும் அந்த இருவருக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால், அந்த டோக்கனால் எழுதப்பட்ட சீட்டுகளுக்கெல்லாம் உங்களையே பொறுப்பாக்க முடியும். உங்கள் டி.இ.ஏ. எண்ணில் நீங்கள் கையெழுத்திடாத சீட்டு ஒன்று போயிருப்பதைக் கண்டுபிடித்தால், அதே ஒரு வேலை நாளுக்குள் அவர்களுடன் டி.இ.ஏ.வுக்கும் தெரிவிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: ஒவ்வொரு மாதமும் முடிந்த ஏழு நாட்களுக்குள், முந்தைய மாதத்தில் உங்கள் பெயரில் சென்ற எல்லாக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துச் சீட்டுகளின் பட்டியலை மென்பொருள் தானாகவே உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதைத் திறக்காமல் விட்டுவிடாதீர்கள். அறிமுகமில்லாத நோயாளியின் பெயர் ஒன்று அதில் இருந்தால், முதலில் அதைக் கண்டுகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

கையெழுத்தான சீட்டு எங்களை வந்தடையும் பாதையிலும் விதிகள் உண்டு. முதலிலிருந்து இறுதிவரை அது மின்வடிவிலேயே வர வேண்டும். இடைநிலை நிறுவனங்கள் வடிவமைப்பை மாற்றலாம், உள்ளடக்கத்தைத் தொடக் கூடாது. வழியில் ஃபேக்ஸாக மாற்றவும் கூடாது. கணினியின் கடிகாரம் அதிகாரபூர்வ தேசிய நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. நோயாளிக்காக நகல் அச்சிட்டுத் தரலாம், ஆனால் அது நகல் மட்டுமே, மருந்து வழங்கச் செல்லாது என்று அதில் அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில், அத்தகைய நகலுடன் வந்து மருந்து கேட்பவரிடம் அதைத் திருப்பித் தருவது தினசரி வேலைகளில் ஒன்று.

இணையம் போனால் அல்லது சீட்டு மருந்தகத்தைச் சேரவில்லை என்று தகவல் வந்தால், மாற்றுச் சீட்டை எழுதலாம். அதில் ஒரு குறிப்பு கட்டாயம்: இது முதலில் இன்ன மருந்தகத்துக்கு, இன்ன நாளில், மின்வழியில் அனுப்பப்பட்டது, அனுப்புதல் தோல்வியடைந்தது. இரண்டாம் அட்டவணை மருந்து என்றால் தாளில் கையால் கையெழுத்திட்டுத்தான் தர வேண்டும். மூன்று முதல் ஐந்து வரையுள்ள அட்டவணைகளுக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். இந்தக் குறிப்பை அலுவலகச் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது மிக முக்கியம். அந்தக் குறிப்போடு தாள் வந்தால், மின்சீட்டு தாமதமாக வந்து சேர்ந்ததா, ஏற்கெனவே மருந்து கொடுக்கப்பட்டுவிட்டதா என்று எங்கள் பதிவில் தேடிப் பார்க்க வேண்டியது எங்கள் சட்டக் கடமை. முதலில் வேறு மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால் அவர்களைத் தொடர்புகொண்டு கேட்கவும் வேண்டும். இரண்டும் வந்திருந்தால் ஒன்றைச் செல்லாததாகக் குறிக்க வேண்டும். குறிப்பு இல்லாத தாள் வந்தாலோ, தேடவேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரே நோயாளிக்கு ஒரே மருந்து இருமுறை போய்விடும்.

மருந்து கையிருப்பில் இல்லை என்று நோயாளி அலைக்கழிக்கப்படுவதற்கு இப்போது ஓரளவு தீர்வு கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம், மின்சீட்டைப் பெற்ற மருந்தகத்தில் மருந்து இல்லையென்றால், மருத்துவர் அதை ரத்து செய்து, வேறு மருந்தகத்துக்குப் புதிய சீட்டு எழுத வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28 முதல், இன்னும் மருந்து வழங்கப்படாத மின்சீட்டை, நோயாளி கேட்டுக்கொண்டால், ஒருமுறை மட்டும், மின்வடிவம் மாறாமல், உரிமம் பெற்ற இரு மருந்தாளுநர்கள் நேரடியாகப் பேசி வேறு மருந்தகத்துக்கு மாற்றலாம். மாநிலச் சட்டமும் அதை அனுமதிக்க வேண்டும். கவனக்குறைபாட்டு மருந்துகள் தட்டுப்பாடான காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கிய பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் திருத்தத்தை முழுமனத்துடன் வரவேற்கிறேன்.

மின்வடிவம் வந்ததால் பழைய வரம்புகள் எதுவும் தளரவில்லை. இரண்டாம் அட்டவணை மருந்துக்கு மறுநிரப்பல் கிடையாது. ஆனால் ஒரே நாளில் பல சீட்டுகளை எழுதி, மொத்தம் 90 நாள் அளவுக்கு மிகாமல் கொடுக்கலாம். முதல் சீட்டு நீங்கலாக ஒவ்வொன்றிலும், எந்த நாளுக்கு முன் மருந்து வழங்கக் கூடாது என்று குறிக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, அடுத்த மாதத் தேதியை எழுதிய தேதியாகப் போடுவது. எழுதிய தேதி எப்போதும் கையெழுத்திட்ட நாளாகவே இருக்க வேண்டும். வழங்கத் தொடங்கும் நாளுக்குத் தனிக் கட்டம் உண்டு. மூன்று, நான்காம் அட்டவணை மருந்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் ஐந்து மறுநிரப்பல் வரை அனுமதி. உண்மையான அவசரத்தில் இரண்டாம் அட்டவணை மருந்தையும் தொலைபேசியில் கேட்கலாம். அவசரக் காலத்துக்குத் தேவையான அளவு மட்டுமே கொடுப்போம். ஏழு நாட்களுக்குள் அதற்குரிய சீட்டு வந்தாக வேண்டும், வராவிட்டால் நாங்கள் டி.இ.ஏ.வுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

கட்டாயம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் 27 முதல், கட்டுப்படுத்தப்பட்டவை மட்டுமின்றிப் பிற மருந்துகளுக்கும் மின்சீட்டைக் கட்டாயமாக்கியது. டெக்சாஸ் 2021 ஜனவரி முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கும், கலிஃபோர்னியா 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் எல்லா மருந்துகளுக்கும் கட்டாயமாக்கின. விலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பாமல் உங்கள் மாநில வாரியத்தின் விதியைப் படியுங்கள். கூட்டாட்சி அளவில், 2018 அக்டோபரில் நிறைவேறிய சப்போர்ட் சட்டம், மெடிகேரின் மருந்துக் காப்பீடான டி பிரிவில் வரும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துச் சீட்டுகள் மின்வழியில் இருக்க வேண்டும் என்றது. விலக்குகள் போக, ஓர் ஆண்டில் அத்தகைய சீட்டுகளில் 70 விழுக்காடாவது மின்வழியில் இருந்தால் கட்டுப்பட்டவராகக் கருதப்படுவீர்கள். ஆண்டுக்கு 100 அல்லது அதற்குக் குறைவான சீட்டுகள் எழுதுபவருக்கு விலக்கு. 2023 முதல் இது கண்காணிக்கப்படுகிறது. ஒரு நோயாளி எந்தக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைப் பெற்றிருக்கிறார் என்று காட்டும் மாநில மருந்துக் கண்காணிப்புத் தரவுத்தளத்தைப் பார்ப்பது இதிலிருந்து வேறான கடமை. நியூயார்க்கில் இரண்டு முதல் நான்கு வரையுள்ள அட்டவணை மருந்துகளுக்கு எழுதுமுன் பார்த்தே ஆக வேண்டும்.

காணொளி வழி ஆலோசனையில் எழுதுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கிளினிக்குகள் அதை நோக்கி இழுப்பதால் ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய வலி மாத்திரைகளால் 2001-இல் 18 வயதில் இறந்த ரயன் ஹெய்ட் என்ற கலிஃபோர்னிய இளைஞரின் பெயரில் 2008-இல் ஒரு சட்டம் வந்தது. நோயாளியை ஒருமுறையாவது நேரில் பரிசோதிக்காமல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை இணையவழியில் எழுதக் கூடாது என்பது அதன் பொது விதி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தளர்த்தப்பட்ட அந்த விதி, தற்காலிக ஆணைகளால் பலமுறை நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. தற்காலிக ஆணையின்மேல் தொழிலைக் கட்டியெழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதும் நாளில் ஆணை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு சரியாக நடந்துவிட்டது என்பதால் சீட்டு சட்டபூர்வமாகிவிடாது. முறையான மருத்துவ நோக்கத்துக்காக, தொழில்முறை வழக்கத்துக்கு உட்பட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற அடிப்படை விதியும், அதைச் சோதித்தறியும் மருந்தாளுநரின் இணைப் பொறுப்பும் தாளுக்கும் திரைக்கும் ஒன்றே. ஒரு சீட்டைப் பற்றி நாங்கள் உங்களைத் தொலைபேசியில் அழைப்பது அந்தப் பொறுப்பினால்தான். அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, பதிவுகளும் விலகலும். மின்சீட்டு தொடர்பான பதிவுகளைக் கூட்டாட்சி விதிப்படி இரண்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாநிலம் கூடுதல் காலம் கேட்டால் அதுவே பொருந்தும். மென்பொருளை மாற்றும்போது பழைய பதிவுகள் படிக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். ஒரு பணியிடத்தை விட்டு நீங்கும் நாளில், அங்கே உங்கள் கையெழுத்து அனுமதி நீக்கப்பட்டதை எழுத்தில் உறுதிப்படுத்திக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனையிலிருந்தும் அந்த உறுதியைக் கேட்டுப் பெற இந்த மாதமே சரியான நேரம்.